சாவிக்கொத்து போட்ட சிஸ்டம்

விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவன் கோர்ட்டிலிருந்து நேராக ஆபீஸுக்குப் போனான். பிரிண்டரில் சிக்கியிருந்த காகிதத்தைப் பிடுங்கி எடுத்தான், யாருக்கோ மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தான், மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். "எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி இருக்கியேடா" என்று பெற்ற தாயே போனில் திட்டினாள். அவனுக்கும் அது வியப்பாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி ஆளே மரத்துப்போயிருந்தான். கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

ஒரு பெரிய கிடங்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. ஆபீஸில் அவனுக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். எந்த மெஷினில் சிஸ்டம் போட்டாலும், வெளியே தெரியாமல் தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து வைத்துவிடுவான். நாளைக்கு யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கையைப் பிசைந்தால், இருந்த இடத்திலிருந்தே அந்த வழியாக உள்ளே போய்ச் சரிசெய்துவிடலாம். தன் அண்ணன் கடையில் அப்படி ஒன்று, நண்பன் கிளினிக்கில் அப்படி ஒன்று. வீட்டிலும் வைத்திருந்தான். வம்பு அங்கேதான் வந்தது.

அவன் மனைவி (இப்போது அந்த வார்த்தை செல்லாது, இருந்தாலும் அவசரத்துக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை) அச்சகங்களுக்குப் புத்தகப் பக்கம் அமைத்துத் தருகிறவள். வீட்டுக் கம்ப்யூட்டர் அவளுடையது. அதில் அவள் தன் அக்காவுக்கு எழுதும் மெயில்களை இவன் படித்துக்கொண்டிருந்தான். சந்தேகம் கிந்தேகம் ஒன்றும் கிடையாது. முகத்தைப் பார்த்து "என்ன ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்க வராது அவனுக்கு. படிக்க வரும். ஒருநாள், மார்பில் ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று அவள் அக்காவுக்கு எழுதினாள். மறுநாள் காலையிலேயே இவன் டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அக்கறையாம்! அக்காவுக்கு மட்டும் எழுதியது இவனுக்கு எப்படித் தெரிந்தது? கட்டி பயப்படும்படியான கட்டியில்லை, போய்விட்டது. கல்யாணமும் போய்விட்டது.

பிள்ளை இல்லை. இருந்திருந்தால் வாரத்துக்கு ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டுக்குள் போக அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சாக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான். அது பழசு, அதிலிருந்த சிஸ்டம் அதைவிடப் பழசு. ஒட்டுப் போட்ட டியூப் மாதிரி இங்கே அடைத்தால் அங்கே காற்றுப் போகும். அச்சகத்துக்கு நாள் தவறக் கூடாதே என்று அவளும் வேறு வழியில்லாமல் செய்தி அனுப்புவாள். இவன் போவான், குனிந்த தலை நிமிராமல் சரிசெய்வான், வருவான். வேண்டுமென்றே கெடுத்து வைத்தான் என்றால் அது அபாண்டம். ஆனால் முழுசாகச் சரிசெய்யவும் இல்லை.

போன வாரம் அவள் அனுப்பிய செய்தி கொஞ்சம் நீளம். "அடிக்கடி வந்துட்டுப் போறது ரெண்டு பேருக்கும் நல்லால்ல. இனிமே கெடாத மாதிரி புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க. கடைசியா ஒரு தடவை."

நன்றாகப் போட்டால் இனி அந்த வீட்டுப் படியேற அவனுக்கு வேலையில்லை. மோசமாகப் போடவோ அவனுக்குத் தெரியாது. பக்கம் அமைக்கும் மென்பொருளும் சேர்ந்தே வரும் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை இறக்கினான், ஒரு எழுத்து பிசகாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்தான், யுஎஸ்பி ஸ்டிக்கில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினான்.

கதவைத் திறந்தது அவளுடைய அண்ணன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், ரகசியம் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். "வாங்க மா..." என்று ஆரம்பித்தவர் மாப்பிள்ளையை அப்படியே முழுங்கி, "வாங்க, வாங்க" என்று முடித்தார். இவனுக்கும் மச்சான் தொண்டைவரை வந்து நின்றது. "வந்தேங்க" என்றான். இத்தனை வருஷம் வாய் வலிக்கக் கூப்பிட்ட வார்த்தையைத் திடீரென்று எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசைமேல் தயாராக இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஷோகேஸில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கண்ணாடி டம்ளர். கடையில் அதைப் பார்த்துப் பார்த்து எடுத்தவனே அவன்தான், வாங்கிய பிறகு அதில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. இப்போது குடித்தான். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

"பழசெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்றான். நீ என்று சொல்வதா நீங்க என்று சொல்வதா என்று தெரியாமல், இரண்டும் வராதபடி பேசினான்.

"எல்லாம் வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிட்டேன். திறந்தும் பாத்துட்டேன்."

ஸ்டிக்கைச் செருகி, மெஷினை அணைத்துப் போட்டு, திரை வெளுப்பதற்குள் ஒரு பட்டனைப் படபடவென்று தட்டினான். மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் இவனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வழக்கமாக இவன் வந்தால் அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். இன்றைக்கு நகரவில்லை. மொழி கேட்டது, கொடுத்தான். விசைப்பலகை கேட்டது, கொடுத்தான். பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைப் போடவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது. அழித்துவிட்டு என்பதைத் தொட்டான். அழித்தால் திரும்ப வராது, உறுதிதானா என்று மறுபடி கேட்டது.

"இது என்னங்க, நம்ம ஊட்டுக் கிழவிங்க மாதிரி ரெண்டு ரெண்டு தடவை கேக்குது?" என்றார் மச்சான்.

"தப்பா அழுத்திட்டா வம்புல்ல, அதுக்குத்தான்" என்று சொல்லி அழுத்தினான். ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பட்டை இடமிருந்து வலமாக மெதுவாக நீண்டுகொண்டிருந்தது.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் இடம் வந்தது. எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, ஃபிரிட்ஜைப் பார்த்தபடி திரும்பி நின்றான். ஃபிரிட்ஜின்மேல் அவனுக்குத் தெரியாத ஒரு பிளம்பரின் நம்பர் ஒட்டியிருந்தது. குழாய்க்குக்கூட வேறு ஆள் வந்தாயிற்று. பின்னால் எழுத்துகள் விழும் சத்தம் கேட்டது. நீளமான பாஸ்வேர்ட்தான்.

"ரெண்டும் ஒண்ணா இல்லேங்குது."

"மறுபடி அடிச்சாப் போதும்."

"திரும்பாதீங்க."

"திரும்பல."

மச்சான் இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை, ஆனால் மூன்று பேருமே அதற்கு அர்த்தம் தேடினார்கள்.

ஸ்டிக்கை எடுத்துவிட்டு எண்டர் தட்டச் சொன்னது. தட்டினான். மெஷின் அணைந்து புதுசாக எழுந்து வந்தது. திரையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அவள் உள்ளே நுழைந்து, எடுத்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். வேகமாகத் திறந்தது. "பரவால்லியே" என்றாள். அந்த வீட்டில் அவன் காதில் அந்த வார்த்தை விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"கடைசியா அப்டேட் ஒண்ணு இருக்கு" என்று மறுபடி உட்கார்ந்து, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தான். அது பாஸ்வேர்ட் கேட்டதும் இவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவள் அடித்தாள். அதில் வரிகள் சரசரவென்று ஓடின. ஓடி முடிந்ததும், அவன் விரல்கள் இன்னும் இரண்டு வரி அடித்தன. முகப்பில் தெரியாத ஒரு கணக்கு. அவன் பெயர், அவன் பாஸ்வேர்ட். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லித் தப்பித்துவிடலாம்தான். ஆனால் கை எங்கே போகிறது என்று அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இந்தக் கதவும் சாத்திவிட்டால் அவள் இருக்கிறாளா, நன்றாக இருக்கிறாளா, காய்ச்சலில் கிடக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வழியும் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். அது வந்திருந்தால் இந்தக் கதையே இல்லையே!

ஜன்னலை மூடினான். "அவ்வளவுதான். இனிமே கெடாது."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இதுக்குள்ள இப்ப யார் யார் இருக்கா?"

"திரையில தெரியுதே."

"திரையில தெரியறதைக் கேக்கல. எங்க போட்டாலும் உங்களுக்குன்னு ஒண்ணு வைப்பீங்களே. சாப்பிடும்போது பெருமையா சொல்லுவீங்களே, அந்தக் கிளினிக்ல வச்சேன், அண்ணன் கடையில வச்சேன்னு. இதுல வச்சிருக்கீங்களா?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாப்பா, இவரு அப்படியெல்லாம்..." என்று எடுத்தவர், எப்படியெல்லாம் என்று யோசித்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க இல்லேன்னு சொன்னா நம்பிடறேன். வேற என்ன பண்ண முடியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம். இது அப்படிக்கூட இல்லை, கடுகு. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிப் பழக்கப்பட்ட வார்த்தைதான். அதற்காகவே வாயைத் திறந்தான்.

"இருக்கு" என்றான்.

இதுவரைக்கும் அவன் பிடிபட்ட பிறகுதான் எதையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். கையும் களவுமாக அகப்படாமல் தானாகச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

"எப்ப வச்சீங்க?"

"இப்பத்தான். அந்தக் கறுப்பு ஜன்னல்ல."

"நான் பின்னால நின்னுக்கிட்டிருந்தேனே."

"ஆமா."

கறுப்பு ஜன்னலை மறுபடி திறந்து ஒரு வரி அடித்தான், அவள் பாஸ்வேர்டைப் போட்டாள். "எடுத்துட்டேன்" என்றான். இந்தத் தடவை உண்மையாகவே எடுத்துவிட்டான். ஆனால் அந்த ஜன்னலில் வைத்ததும் கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி, எடுத்ததும் கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி. தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அவனை. "எடுத்திருப்பீங்க" என்றாள். மேசைமேல் கிடந்ததைக் காட்டி, "அந்த ஸ்டிக்கை வச்சுட்டுப் போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நானே மொதல்லேருந்து ஒரு தடவை போட்டுக்கறேன். எப்படிப் போடறதுன்னு பாக்கணும்னுதான் உங்களையே கூப்பிட்டேன். எல்லாம் பாத்துட்டேன். ஆரம்பத்துல ஏதோ பட்டனைத் தட்டுனீங்களே, அது மட்டும் தெரியல. எது அது?"

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "இப்பத்தானே பாப்பா போட்டாரு! நல்லாத்தானே ஓடுது! அதான் எடுத்துட்டேன்னு சொல்றாருல்ல?"

"இருக்கட்டும்ணா."

வேறு ஏதாவது ஒரு பட்டனைக் காட்டியிருக்கலாம். அவள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்கிறது என்று செய்தி அனுப்பியிருப்பாள், இவன் மறுபடி வந்திருப்பான். அந்த யோசனை வராமல் இல்லை. மேல்வரிசையில் வலதுபக்கம் இருந்த எஃப் பன்னிரண்டைக் காட்டினான். "மெஷின் ஆன் ஆன உடனே தட்டணும். லேட்டானா பழையதுக்குள்ள போயிடும். அப்படிப் போனா பயப்பட வேணாம், அணைச்சுட்டு மறுபடி." அவள் அந்தப் பட்டன்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவன் விரல் அதற்குள் விலகியிருந்தது.

வாசலில் மச்சான் அவன் தோளைத் தொட்டார். "பாத்துப் போங்க மாப்ளே" என்று தவறி வந்துவிட்டது. திருத்திக்கொள்ளாமல் கதவைச் சாத்தினார்.

தெருவில் வெயில் இருந்தது. ஒரு தச்சுப் பட்டறையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு சைக்கிள்காரர் மணியடித்து அவனை ஓரமாக ஒதுக்கினார். ஒதுங்கினான். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பூட்டியிருந்த ஒரு கடையைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது.

அவள்தான். "பட்டன் வேலை செஞ்சது. இப்ப எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது. உங்களுக்குக் கேட்ட மாதிரியே ரெண்டாந்தடவையும் கேக்குது. ஆமான்னு குடுக்கலாமா?"

வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி படித்தான். என்னிடமே கேட்கிறாளே என்று நினைத்தான். வேறு யாரிடம் கேட்பாள், அவளுக்கு இதில் தெரிந்த ஆள் அவன்தானே.

"ஆமா. குடு" என்று அடித்து அனுப்பினான்.

அனுப்பிய பிறகுதான் வலித்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுமே, அந்த மாதிரி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரே சமயத்தில் வலித்தது. அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் சாவியோடு வந்தார். படியில் ஒரு ஆள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"யாரைங்க பாக்கணும்?"

"யாரையும் இல்லீங்க" என்றான். அவர் கடையைத் திறக்க வழிவிட்டு, படியின் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தான்.