ஆடிக்கு முன் திறந்த கோபுரம்

நாங்கள் குடியிருக்கும் தோட்டத்துக் கைத்தொலைபேசிக் கோபுரத்தை ஆடி பிறப்பதற்குள் திறந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் என் வீட்டுக்காரர் ஜெயபாலன். கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான். கோபுரத்துக்கு இன்னும் மின்சாரமே இழுக்கவில்லை என்று கட்டியவர்களே சொன்னார்கள். அது பின்னால் வரட்டும், ஆடியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று இவர் அடித்துச் சொல்லிவிட்டார். அவசர அவசரமாகப் பந்தல் போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டி, இரும்புக் காலுக்கு மாலை சுற்றி, பெரிய மனிதர் ஒருவரை அழைத்து ரிப்பன் வெட்டவைத்தார்கள். வரிசையாக நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து டவுன் சாஆவிலிருந்து மீஹூன் வந்தது, கேசரி வந்தது. சிக்னல் மட்டும் வரவில்லை.

ஆடி போய், தீபாவளியும் போனது. அப்போதும் கோபுரம் சும்மாதான் நின்றது. என் மகள் ஷர்மினி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது. நேர்முகத் தேர்வு எப்போது என்று கைப்பேசிக்குத் தகவல் அனுப்புவோம் என்றார்கள். அதற்காகவே மோட்டார் சைக்கிளில், சிக்னல் கிடைக்கும் சாஆவுக்குப் போய், நாசர் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துவிட்டு வருவாள். இடையில் டிங்கி காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து போய்ப் பார்த்தபோது தகவலும் இருந்தது, தேர்வும் முடிந்திருந்தது. வராதவள் என்று குறித்துவிட்டார்கள்.

கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்தோம். உங்கள் தோட்டத்தில்தான் சேவை இருக்கிறதே, வரைபடத்தில் பச்சையாகக் காட்டுகிறதே என்றார்கள். சேவை இல்லை என்று அதற்குப் பொறுப்பானவர்கள் சொன்னால் மறுபடியும் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

பொறுப்பானவர் யார் என்று தேடத் தொடங்கினேன். எனக்கு வயிறு எரிந்த கதை அங்கேதான் ஆரம்பம். கொள்கை வகுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்றது அமைச்சு. மேற்பார்வை மட்டும்தான் என்றது தொலைத்தொடர்பு ஆணையம். இரும்பை நட்டதோடு எங்கள் கடமை முடிந்தது என்றது கோபுரம் கட்டிய நிறுவனம். கருவிகள் தயார், மின்சாரம் இல்லாமல் என்ன செய்வது என்றது தொலைபேசி நிறுவனம். நிலம் கொடுத்தோம், கம்பியும் நாங்களா இழுக்கவேண்டும் என்று கேட்டது தோட்ட நிர்வாகம். நாட்டின் கொள்கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை அழகாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களாம். என் பிள்ளைக்குப் பதில் சொல்கிற வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் விடாமல் நச்சரித்ததில் கடைசியாக ஆணையத்திலிருந்து ராஜசேகரன் என்ற அதிகாரி வந்தார். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தமிழர், தன்மையாகவே பேசினார். அந்தத் தன்மையைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

"கோபுரம் ஒரு நாளும் வேலையே செய்யலன்னு நீங்க சொன்னா, யார் தப்புன்னு விசாரிக்கணும். ஏற்கனவே திறப்பு விழா நடந்திருச்சு, படம் எல்லாம் இருக்கு. விசாரணை எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. அன்னையிலேருந்து நல்லா இருந்திச்சு, இப்பதான் ரோசாக் ஆயிருச்சுன்னு சொல்லுங்க. ரிப்பேர்னு போட்டு உடனே வயர் இழுத்துரலாம்."

ஷர்மினி எழுந்தாள். "அப்ப என் அப்பீல் என்னா ஆவும், சார்?"

அது கல்வித் துறை விவகாரம், தன்னுடையது இல்லை என்றார். பிறகு, ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

முதலில் செல்லப்பன் தூக்கினார். அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாமல் தவிக்கிறவர். அவரை நான் எப்படித் திட்டுவது? அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அடுத்து ஒவ்வொரு கையாக மேலே போனது. என் வீட்டுக்காரர் ஷர்மினியைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார்.

"ஒரு புள்ளைக்காக மொத்தத் தோட்டத்தையும் நிறுத்தி வைக்க முடியுமா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரும் தூக்கினார்.

"கரண்டு இல்லாத இரும்புக்கு மாலை போட்டீங்க. அது உங்க நம்பிக்கைன்னு விட்டேன்," என்றேன். "இப்ப அதுக்காகப் பெத்த புள்ளைய பொய்க்காரி ஆக்குறீங்க."

அதிகாரி கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் ஷர்மினியும் கை தூக்கவில்லை. அதனால் எந்தக் கணக்கும் மாறவில்லை.

சொன்ன சொல் தவறவில்லை, சீக்கிரமே கம்பி இழுத்தார்கள். இத்தனை மாதமாக யாராலும் முடியாத வேலை, யார்மேலும் குற்றம் இல்லை என்று ஆனதும் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு கைப்பேசி மணி அடித்தது. ரெங்கத்தில் இருக்கும் தங்கையிடம் செல்லப்பன் வாசலில் நின்று சத்தமாகப் பேசினார். மனிதர்கள் சந்தோஷப்படுவதைப் பார்த்து இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஷர்மினி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த கைப்பேசியில் தகவல் வந்து விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தாள். அழவில்லை. அப்பா வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். "பாத்தியாம்மா, அடுப்படியிலயே லைன் கிடைக்குது."

அவள் கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். "படிங்கப்பா. அம்மாவுக்கும் கேக்குற மாதிரி படிங்க."

மலாய் மொழியில் இருந்தது. மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது என்பதை வாசித்தார். திறப்பு விழா நாளிலிருந்தே அந்த வட்டாரத்தில் சேவை இருந்தது என்பதை வாசித்தார். இதைக் குடியிருப்பாளர்களே உறுதிப்படுத்தியுள்ளனர் என்ற இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது.

நான் விடவில்லை. அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன்.