ஸ்டேண்டுக்கு அடியில் ஒரு மூடி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த அன்டன் அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய பைக்கின் சைட் ஸ்டேண்டுக்கு அடியில் ஒரு வட்டத் தகர மூடி கிடந்தது. முதல் நாள் மாலை அது அங்கே இல்லை. மூடியைச் சுற்றிலும் குங்குமம் அப்பியிருந்தது. உள்ளே எதையோ அடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் சிவப்புத் துணி பிதுங்கித் தெரிந்தது. ஸ்டேண்டின் கால் சரியாக மூடியின் நடுவில் ஊன்றியிருந்தது.

வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூட மறந்துபோனான். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"என்னங்க, அப்படியே நிக்கிறீங்க?" உள்ளேயிருந்து நிரோஜினி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ வெளிய வராத."

ஏழு மாதக் கர்ப்பிணியை அந்த மூடி இருக்கும் பக்கம் வரவிட அவனுக்கு மனம் வரவில்லை. பைக்கை நிமிர்த்திப் பிடித்து, ஒரு குச்சியால் மூடியைத் தள்ளி எடுத்து, லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இறங்கும் தேயிலைக்குள் எறிந்தான். கையால் தொடவே இல்லை.

பைக் சாதாரண நூறு சீசீ பைக்தான். அக்கரப்பத்தனையில் அன்டன் வேலை செய்யும் மருந்துக் கடைக்கும் டயகமவுக்கு மேலே இருக்கிற அவர்களுடைய தோட்ட டிவிசனுக்கும் ஆறு வருஷமாக ஓடிய பைக். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அது பழைய பைக் இல்லை. முதல் நாள் திங்கட்கிழமைதான் ஜெயகாந்தனுடைய கராஜில் முழு நாளும் நின்று, டயரையும், குலுக்கலைத் தாங்கும் ஷொக்கையும் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன அன்டன், மருந்துக் கடைக்குத்தான் போறியா, இல்ல ரேஸுக்குப் பேர் குடுத்திருக்கியா?" என்று ஜெயகாந்தன் சிரித்தான்.

"புள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போகணும் பாஸ்."

ஜெயகாந்தன் சிரிப்பை விட்டுவிட்டு, பின் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிப் பார்த்தான். சீட் இறங்கவே இல்லை. ஷொக்கிலிருந்து ஒழுகிய எண்ணெய் காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

"இதுக்குப் பேர் ஷொக்காப்பா? இரும்புத் தடி. இதுல ஒக்காந்து வர்ற மனுசனுக்கு முதுகுத் தண்டு மிஞ்சுமா?"

பெரிய பைக் ஒன்றுக்கு வரும் ஷொக் இரண்டைப் பின்னால் பூட்டினான். பழையதைவிட அவை ஒன்றரை அங்குலம் நீளம். முன் சக்கரத்து ஃபோர்க்கைக் கழற்றி எண்ணெய் மாற்றினான். மொட்டையாகிப் போயிருந்த டயர்களைக் கழற்றிவிட்டு, சேற்றில் வழுக்காத, ஆழமாக வெட்டுப் போட்ட டயர்களை ஏற்றினான்.

"பின்னுக்குக் காத்து நெறைய அடிச்சிராத. கல்லு மாதிரி அடிச்சா இவ்வளவு செஞ்சும் பிரயோசனமில்ல. அப்புறம், இத நல்லா கேட்டுக்க. பைக் ஒசந்திருச்சு, ஸ்டேண்ட் பழைய நீளந்தான். ஒரு துண்டு வச்சு ஒட்டணும். என் வெல்டிங் மெசின் ரிப்பேருக்குப் போயிருக்கு, சனிக்கெழம வா. அதுவரைக்கும் செவத்துல சாச்சு வை."

"சரி பாஸ்" என்றான் அன்டன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவன் புது டயரைத் தடவிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், ரோட்டுக்குக் குறுக்கே அடியில் தண்ணீர் ஓடும் ஒரு போக்கு உண்டு. மேலே போட்ட கொங்கிரீட் உடைந்து, ஒரு முழம் அகலத்துக்குப் பள்ளம். ஒதுங்கிப் போக இடமில்லை. ஆறு வருஷமாக அந்தப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பைக் அவனைத் தூக்கிப் போடும். திங்கட்கிழமை மாலை தூக்கிப் போடவில்லை. அமிழ்ந்து, மெதுவாக எழுந்து, போய்விட்டது. அவனால் நம்ப முடியவில்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை இறங்கிப் பார்த்தான். பிறகு பைக்கை நிறுத்திவிட்டு, யாருமில்லாத அந்த ரோட்டில் கொஞ்ச நேரம் அழுதான்.

காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நிரோஜினி முதல் தடவை கர்ப்பமாக இருந்தபோது, இதே பைக்கில், இதே பள்ளத்தில்தான் இறங்கினான். பலமான அடி. மூன்றாம் நாள் குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, வேற காரணம்" என்று டாக்டர் இரண்டு தடவை விளக்கிச் சொன்னார். நிரோஜினி நம்பினாள். அவன் நம்பவில்லை.

அந்தத் துக்க வீட்டில்தான் பக்கத்துக் காம்பரா வீட்டு ராசம்மா மார்பில் அடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்: "அந்தப் பைக்ல ஏத்தாதன்னு சொன்னேனே தம்பி! தலபாடா அடிச்சிக்கிட்டேனே!"

அவள் சொன்னது உண்மை. சொல்லியிருந்தாள். அதனால்தான் அன்டனால் பொறுக்க முடியவில்லை. "இனிமே எங்க வாசப்படி ஏறாதீங்க" என்றான். ராசம்மா ஏறவில்லை. ஒரே கூரை, ஒரே சுவர், மலைத் தண்ணீர் கொட்டும் ஒரே பீலி. ஆனாலும் மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ராசம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அவனுடைய கோபத்தை நாம் பெரிதாகக் குற்றம் சொல்ல வேண்டாம். வலிக்கிற இடத்தில் உண்மை பட்டால் மனுசன் கத்தத்தான் செய்வான். ஆனால் கத்தி முடித்த பிறகும் கதவைச் சாத்தியே வைத்திருந்தான் பாருங்கள், அதுதான் பிழை.

குங்கும மூடி யாருடையது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். லயத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள் ராசம்மா. கோயில் குங்குமத்தை வட்டமான பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அவள்தான் வைத்திருந்தாள். திருவிழா நாளில் அவனும்கூட அந்த டின்னுக்குள் விரல் விட்டிருக்கிறான்.

புதன்கிழமை காலை பைக்குக்கு அடியில் அதே மூடி திரும்பி வந்திருந்தது.

அன்டன் குனிந்து பார்த்தான். தேயிலைக்குள் அவன் வீசிய மூடி அது. விழுந்ததில் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அந்த நெளிவை யாரோ தட்டிச் சரிசெய்து, சேறு போகத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்திருந்தார்கள். சிவப்புத் துணி அப்படியே இருந்தது.

"நிரோ, யாரோ செய்வினை வக்கிறாங்க" என்றான் உள்ளே போய்.

"நாம சேர்ச்சுக்குப் போற ஆளுங்க. இதையெல்லாம் நம்பலாமா?"

"நம்பல. ஆனா அதுக்குள்ள என்னமோ கட்டி வச்சிருக்கு. போன தடவ புள்ள போச்சு. இந்தத் தடவ..."

அவள் அவன் வாயைப் பொத்தினாள். "ராசம்மாக்கா அப்படிப்பட்ட ஆளில்ல" என்று மட்டும் சொன்னாள். அவன் மூடியை இன்னும் தூரமாக எறிந்தான். அன்று முழுக்க மருந்துக் கடையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. யாரோ கேட்ட இருமல் பாணி மருந்துக்குப் பதிலாக வயிற்று மருந்தை எடுத்துக் கொடுக்கப்போய், நல்ல வேளையாகப் பெயரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அன்று பின்னேரம் தொடங்கிய மழை விடியும்வரை நிற்கவில்லை. வியாழக்கிழமை நிரோஜினிக்குக் கர்ப்பிணிக் கிளினிக். ஆட்டோ மேல் டிவிசனுக்கு வர மறுக்கும். வந்தாலும் அதன் குலுக்கல் பைக்கைவிட மோசம். எட்டரை மணிக்குள் பைக்கில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும் என்பது அவன் கணக்கு.

ஏழு மணிக்கு வாசலுக்கு வந்தான். மூடி இருந்தது. மூன்றாவது தடவை.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. பைக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூடியைக் காலால் எற்றினான். அது பீலிப் பக்கம் போய்ப் பாறையில் மோதிக் கணீரென்றது.

"யாரு வச்சது? தைரியமிருந்தா முன்னுக்கு வா! என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, அந்தக் கோயில் டின்னோட பொலிசுக்குப் போவேன்!"

லயத்துக் கதவுகளில் தலைகள் தெரிந்தன. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குக் கிளம்பியிருந்த ராசம்மா, வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றாள்.

"தம்பி, அது வந்து..."

"எங்கூடப் பேசாதீங்க!"

அவள் வேலைக்குப் போகவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. பைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்டன் பைக்கைத் துடைத்து, வெறும் மண்ணில் ஸ்டேண்டைப் போட்டுவிட்டு, கிளினிக் அட்டையையும் ஹெல்மட்டுகளையும் எடுக்க உள்ளே போனான். நிரோஜினி வெளியே வந்து, வாசல் படிக்கல்லில் மெல்ல உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டத் தொடங்கினாள். பைக் அவளுக்கு மேலே, சரிவில், அவள் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இரண்டு ஹெல்மட்டையும் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வந்தவன் கண்ணெதிரே அது நடந்தது. மழையில் ஊறிய மண்ணுக்குள் ஸ்டேண்டின் கால் சத்தமில்லாமல் இறங்கியது. பைக் ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு அப்படியே நிரோஜினியின் மேல் சரிந்தது. அன்டனின் கால் நகரவில்லை.

ராசம்மா கானைத் தாண்டியதை அவன் பார்க்கவில்லை. அவள் அங்கே இருந்ததைத்தான் பார்த்தான். பைக்குக்கும் நிரோஜினிக்கும் நடுவில் தோளைக் கொடுத்து, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் ஹேண்டிலையும் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"புள்ளைய எழுப்பு! நகத்து அவள!"

ஹெல்மட் இரண்டும் கீழே விழுந்து உருண்டன. அன்டன் நிரோஜினியைத் தூக்கி நிறுத்தி அந்தப் பக்கம் தள்ளினான். அப்போதுதான் ராசம்மாவின் கால் சேற்றில் வழுக்கியது. பைக் படிக்கல்லின் மேல் விழுந்தது. கிளட்ச் லீவருக்கும் கல்லுக்கும் நடுவில் அவளுடைய வலது கை.

பைக்கைத் தூக்கியபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீலம் பாய்ந்து, ஒரு நகம் பிய்ந்து தொங்கியது. கொழுந்து பறிக்கிற விரல்கள்.

"வயித்துல பட்டுச்சாடி?" என்றாள் ராசம்மா. தன் கையை அவள் பார்க்கவேயில்லை.

"படலக்கா. ஒண்ணும் படல." நிரோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இப்பக்கூட ஒதைக்குது."

"அது போதும்." ராசம்மா படிக்கல்லில் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"திங்கக்கெழம நீ பைக்க நிறுத்தும்போதே பாத்தேன் தம்பி. எப்பவும் நிக்கிற மாதிரி நிக்கல, இந்தப் பக்கம் ரொம்ப சாஞ்சு நின்னுச்சு. சொல்லணும்னு வாய் வந்துச்சு. பைக்கப் பத்தி நா பேசித்தானே அன்னைக்கு அப்படி ஆச்சு? மறுபடியும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? அதான், பேசாம எதையாச்சும் முட்டுக் குடுப்போம்னு..."

அன்டன் பீலிப் பக்கம் ஓடினான். பாறையில் மோதிய மூடி பிரிந்து கிடந்தது. சிவப்புத் துணியை விரித்தான். உள்ளே ஒரு விறகுத் துண்டு. கத்தியால் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கியிருந்தது. மூடிக்குள் ஆடாமல் இருக்க, பழைய சேலையில் கிழித்த துணியைச் சுற்றி அடைத்திருந்தாள். வேறு எதுவுமே இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மழைச் சேற்றில் முழங்காலிட்டுவிட்டான். இரண்டு நாளாக ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டைக் காப்பாற்று ஆண்டவரே என்று மன்றாடியிருந்தான். ஆண்டவர் காலையில் அனுப்பியதை அவனே எடுத்து எறிந்திருக்கிறான், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

நிரோஜினி ராசம்மாவின் கையைத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் சுற்றினாள். "மொதல்ல அக்காவ தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நா காத்திருக்கேன்."

"எனக்கென்ன அவசரம்? உனக்குத்தான் கிளினிக்" என்றாள் ராசம்மா.

"ஏறுங்கக்கா" என்றான் அன்டன்.

அவள் இடது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "அடுப்புல தேத்தண்ணி இருக்கு. எங்க இஸ்தோப்புத் திண்ணையில போய் ஒக்காந்து குடி புள்ள, இங்க சேத்துல நிக்காத" என்று திரும்பி ஒரு சத்தம் போட்டாள்.

பைக் மெதுவாக இறங்கியது. புது டயர் சேற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. போக்கு வந்தது. அன்டன் வேகத்தைக் குறைத்தான். பைக் அமிழ்ந்தது, எழுந்தது, தாண்டியது.

"அந்தப் பள்ளமா இது?" என்றாள் பின்னாலிருந்து.

"அதே பள்ளந்தாங்கக்கா."

அவன் தோளிலிருந்த கை லேசாகத் தட்டியது.

"புள்ளைய இதுல கூட்டிட்டுப் போ தம்பி. பையப் போ."

அன்டனுக்கு ரோடு தெரியவில்லை. மழை விட்டிருந்தது. ஆனாலும் இரண்டு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். "அக்கா, அன்னைக்கு நா..." என்பதற்கு மேல் வரவில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கினாள். அவன் ஸ்டேண்டைக் காலால் தட்டிவிட்டான். பைக்கை விட மட்டும் அவனுக்குப் பயம். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றான்.

ராசம்மா சுற்றிப் பார்த்தாள். கான் ஓரத்தில் தட்டையான கல் ஒன்று கிடந்தது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலால் அந்தக் கல்லைத் தள்ளிக்கொண்டே வந்து, ஸ்டேண்டுக்கு அடியில் சரியாக வைத்தாள்.

"இப்ப விடு" என்றாள்.

அவன் கையை எடுத்தான். பைக் நிமிர்ந்து நின்றது.