ரைஹானத்தின் நிறம்

பன்னிரண்டு வயதில் ரைஹானத்தின் இடது கன்னத்தில் கடுகளவாய் விழுந்த வெண்திட்டு, முப்பத்தொரு வயதுக்குள் காது வரை படர்ந்துவிட்டது. விசேஷ வீடுகளில் பெண்கள் அதையே பார்ப்பார்கள். சின்னம்மா மகளின் நிக்காஹ் அன்று மதியம், மேலப்பாளையத்தில் மாடியறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் முஃபீதாவிடம் போனாள்.

"மூணு ஃபவுண்டேஷன் வாங்கியாச்சு. ஒண்ணு சாம்பலாத் தெரியுது, ஒண்ணு சுண்ணாம்பு பூசினாப்ல இருக்கு. இன்னொண்ணு ஒரே சிவப்பு."

"எங்கன போட்டுப் பாத்தீங்க?"

"கடையிலதான். மணிக்கட்டுல."

"கை நிறம் வேற, முகம் வேற. கழுத்தோட சேரணும். ஜன்னல் பக்கம் வாங்க, டியூப்லைட்டுல ஒண்ணும் விளங்காது."

பகல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, திட்டில்லாத பக்கத்துத் தாடையில் மூன்று கோடுகள் இழுத்தாள் முஃபீதா. மூன்றும் தனித்தனியாய்த் துருத்திக்கொண்டு நின்றன. துடைத்தாள். தன் புறங்கையில் இரண்டைக் கலந்து, காப்பித்தூள் நிறத்தில் ஒரு சொட்டு சேர்த்தாள். சரியாகவில்லை. இன்னும் அரைச் சொட்டு மஞ்சள். மறுபடி ஒரு கோடு இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, போடலியா?"

"போட்டுட்டேன். எங்கன போட்டேன்னு எனக்கே தெரியல!"

அதையே திட்டின் மேல் ஸ்பஞ்சால் பைய ஒற்றி, பவுடர் போட்டுக் கண்ணாடியைக் கொடுத்தாள்.

ரைஹானத் முகத்தை இடமும் வலமும் திருப்பினாள். எங்கே திருப்பினாலும் ஒரே நிறம். நெற்றியிலிருந்து கழுத்து வரை ஓடும், செம்மண் கலந்த மாநிறம். மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தாள்.

"சுப்ஹானல்லாஹ்... இதுவா என் நிறம்?"

மண்டபத்தில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இத்தனை லேசாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது.

திசையன்விளையில் வாழ்க்கைப்பட்ட தங்கை நஃபீஸத், கைப்பிள்ளையோடு வேர்த்து விறுவிறுக்க வந்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருதீங்களா?" என்று ரைஹானத்திடமே கேட்டாள்.

"ஏட்டி, நாந்தான்."

குரலைக் கேட்டுத் திரும்பிய நஃபீஸத் உற்றுப் பார்த்தாள். விரலை நீட்டினாள். தொடத் துணியாமல் கன்னத்தருகே நிறுத்தினாள்.

"லாத்தா," என்றாள் கடைசியில், "நீ அப்படியே நம்ம வாப்பா ஜாடைல்லா!"

அதுவரை அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.