ஏலத்துக்கு வந்த நட்சத்திரப் பழம்

பொன்மலருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணியும் சேவலும் போய், ஒரு தட்டு நட்சத்திரப் பழம் மேஜைக்கு வந்திருந்தது. ஏலம் விடும் ஜெஸ்டனுக்கு மைக் கிடைத்தால் போதும், டாக்டராகிவிடுவான்.

"பிரஷருக்கு நல்லது, சுகருக்கு நல்லது, விட்டமின் சி ஜாஸ்தி!"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. வேறு யார், அவள் கணவர் எபனேசர்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். காட்பாடியில் ஒரு வேலை இருக்கிறது என்று ஊரிடம் சொல்லிவிட்டு, வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். மகள் அக்சாவின் கல்யாணம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தார். சம்பந்தியாகப் போகிற பிரிஸ்கில்லா இதோ, பொன்மலரை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

போன முறை அவர் மெஷினோடு படுத்துத் தூங்கியபோது நர்ஸ் சொன்னது இவள் காதில் மட்டும்தான் விழுந்தது. மற்றவர்களுக்கு நல்ல பழம், கிட்னி கெட்டவர்களுக்கு விஷம். விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரும், உயிரே போகலாம். வீட்டுக்கு வந்ததும் சொல்ல மறந்துபோனாள். இந்தப் பக்கம் இந்தப் பழத்தை யார் கண்டார்கள்!

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஏலம் எடுத்தவர் அங்கேயே ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஆசீர்வாதமாம்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நான் மேல கேக்கறேன்!" பொன்மலர் எழுந்து நின்றுவிட்டாள்.

சபை கொல்லென்று சிரித்தது. எபனேசருக்கு ரோஷம் வந்துவிட்டது, ஏற்றினார். அவளும் ஏற்றினாள்.

"புருஷன்கிட்டயே போட்டியா?" பிரிஸ்கில்லா முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாத்துக்குப் பேஜாரு? ஒரே வீடுதானே!" ஜெஸ்டன் பழத்தை வெட்டி நீட்டினான். "மொதத் துண்டு உங்களுக்குண்ணே."

எபனேசர் அதை வாங்கி வாயைத் திறந்தார். பொன்மலர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"சாப்டாதீங்க! டயாலிசிஸ்காரங்களுக்கு இது விஷம்!"

ஜெஸ்டன் கக்கத்தில் இடுக்கியிருந்த மைக் அதைத் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரிப்பு நின்றுபோயிற்று. பிரிஸ்கில்லா கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

"குடியக் கெடுத்துட்டியே," எபனேசர் பல்லைக் கடித்தார். "அக்சாவுக்கு இன்னா பதில் சொல்லப் போற?"

பொன்மலர் தரையில் கிடந்த துண்டைக் குனிந்து பொறுக்கினாள்.

"'உங்கப்பா உயிரோட இருக்காரு'ன்னு அவகிட்ட சொல்றேன்."