பிழைத்ததற்கு ஒரு மன்னிப்பு

"மூணாவது வரியில நிறுத்து. அங்க கொஞ்சம் அழு," என்றாள் ஐடா.

லவினா அழவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தபடி சாப்பாட்டு மேசையோரம் நின்றிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம். எதிரே அவளுடைய அப்பா கிளாரன்ஸும் அம்மா ஜெயசீலியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் சபையாம். கிளாரன்ஸின் அக்காவும் பெண்கள் ஐக்கியத்தின் தலைவியுமான ஐடா ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. மன்னிப்புக்கும் உண்டு என்பதைக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் அன்றுதான் கண்டது.

தாளில் இருந்தது நாலே வரி. நான் கொலைக்குச் சமமான பாவம் செய்தேன். பெற்றோருக்கும் சபைக்கும் அவமானம் தேடித் தந்தேன். சாத்தானின் பிடியிலிருந்து ஜெபத்தினால் விடுதலை பெற்றேன். இப்போது எனக்கு நோயுமில்லை, நான் மருந்தும் எடுப்பதில்லை. நாளைக் காலை ஆராதனையில், மைக் முன்னால், பதினேழு வயதுப் பெண் இதை வாசிக்க வேண்டும். வாசித்தால் மற்ற எட்டுப் பிள்ளைகளோடு அவளுக்கும் சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல், அப்பமும் ரசமுமாக முதல் நற்கருணை. வாசிக்காவிட்டால் இல்லை.

"நான் மாத்திரை சாப்புடறேனே அத்த. கோயில்ல நின்னு எப்பிடிப் பொய் படிக்கறது?"

"பொய்யா? விசுவாச அறிக்கைடீ அது. நோயின்னு சொன்னா நாளைக்கி எவன் கட்டுவான் உன்ன? பாவம்னா மன்னிச்சா போச்சு. நோயின்னா உன்கூடவே வரும், உங்க அண்ணன் கல்யாணத்துக்கும் வரும்."

கணக்குச் சரிதான். ஐடாவின் ஊரில் பாவத்துக்குப் பரிகாரம் உண்டு, காய்ச்சலுக்குக் கஷாயம் உண்டு. மனசுக்கு வரும் நோய்க்கு மட்டும் மூடிமறைக்கத் துணிதான் உண்டு.

"படிச்சிட்டு வந்துடு கண்ணு. ரெண்டு நிமிசம்," என்றார் கிளாரன்ஸ். அவர் தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். "அந்தப் பொட்டியில பாதிப்பேரு நம்ம சபை ஆளுங்க. தெனம் அவங்க மூஞ்சியில முழிக்கணும் நான்."

மகள் முகத்தில் அவர் முழித்து ஒரு வருஷமாகிறது. அது அவருக்குத் தெரியவில்லை.

போன வருஷம் இதே மாதத்தில் லவினா சாகப் பார்த்தாள். மாதக்கணக்காகத் தூக்கமில்லை, பசியில்லை, பாடம் ஏறவில்லை. 'சோம்பேறி' என்றார் அப்பா, 'திமிர்' என்றாள் அத்தை. ஒரு நாள் அவளுக்கு எல்லாம் போதுமென்று ஆகிவிட்டது. அம்மா நேரத்தோடு கண்டுபிடித்ததால் ஆஸ்பத்திரியில் பிழைத்தாள். காதலா, பரீட்சையா என்று தெரு துப்புத் துலக்கியது. இரண்டும் இல்லை என்றதும் தெருவுக்குப் பெரிய ஏமாற்றம்.

பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பிசாசைத் துரத்தினார்கள். "இன்னா கொற வெச்சாங்க உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். கோலாரில் மனநல டாக்டர் ஷில்பா ஒருத்திதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது நோய்ம்மா. உன் தப்பு இல்ல. டைம் ஆகும், ஆனா சரியாகும்," என்று கன்னட வாடைத் தமிழில் சொன்னாள். மாத்திரை, மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை அவளோடு பேச்சு. ஜெயசீலி வேலியோரம் நின்ற பெண்களின் பார்வையைத் தாண்டி மகளை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

நாலாம் மாதம் ஒரு காலையில், லவினா இட்லியைப் பிட்டு வாயில் வைத்து, "சட்னில உப்பு ஜாஸ்திம்மா," என்றாள். ஜெயசீலி அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ மாதமாக அந்தப் பெண்ணுக்கு எதுவும் ருசித்ததில்லை. லவினா அடுத்த இட்லியை எடுத்தாள். "தேங்க்ஸ், ஆண்டவரே," என்று தன்னையறியாமல் வாயில் வந்தது. யாரிடம் சொன்னோம் என்று அப்புறம்தான் யோசித்தாள். அத்தையின் கடவுளிடம் இல்லை, நிச்சயமாக. உப்பு தெரிகிறவரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம். அவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று ஆசை வந்தது. யாரும் தள்ளாமல் அவளே போய்த் திடப்படுத்தல் வகுப்பில் பேர் கொடுத்தாள். ஆறு மாதம் ஒரு வகுப்பு விடவில்லை. நற்கருணை அவளுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. பசித்தவளுக்குச் சோறு வேண்டியிருப்பதைப்போல.

அங்கேதான் சபைக் கமிட்டி விழித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணினவர்களும், குடித்துச் சண்டை போட்டவர்களும் சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் நற்கருணைப் பந்தியில் சேரலாமென்பது சுரங்கக் காலத்து வழக்கம். சுரங்கம் மூடிவிட்டது, வழக்கம் மூடவில்லை. செயலாளர் மாணிக்கராஜ் வீட்டுக்கே வந்து தாளை நீட்டினார்.

"என்ன மாதிரி பொழச்சவங்க யாராச்சும் இதுக்கு முன்ன இப்பிடிப் படிச்சிருக்காங்களா அங்கிள்?" என்று லவினா கேட்டாள்.

"நம்ம சபையில இந்த மாதிரி நடந்ததே கெடையாது," என்றார் மாணிக்கராஜ், கண்ணைச் சிமிட்டாமல்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. திடப்படுத்தலுக்கு வந்தவர்களைவிட மன்னிப்பை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். எட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் முன்வரிசையில் இருந்தார்கள். லவினாவும் வெள்ளைதான் உடுத்தியிருந்தாள். ஆனால் அவளைத் தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். போதகர் ஞானதாஸ் நல்லவர். கமிட்டிக்குப் பயந்த நல்லவர். "லவினா கிளாரன்ஸ், முன்னால் வரவும்," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

லவினா மைக் முன்னால் வந்து நின்றாள். தாளை விரித்தாள். முதல் வரியைக் கண்ணால் படித்தாள். ஐடா இரண்டாம் வரிசையிலிருந்து, "படி, படி," என்று உதட்டசைத்தாள். லவினா தாளை மடித்தாள்.

"எனக்கு வந்தது நோய். கோலார்ல டாக்டர் பாக்கறாங்க. மாத்திரை சாப்புடறேன். ஜெபமும் பண்றேன். ரெண்டையும் வுடமாட்டேன்."

கோயிலில் ஒரு சலசலப்பு.

"எங்க அப்பா அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன். அதுக்கு வீட்ல அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு. போன வருசம் நான் செத்திருந்தா, நெஞ்சுவலின்னு எழுதி, இதே எடத்துல பொட்டிய வெச்சி, பாட்டுப் பாடி, மாலை போட்டுத் தூக்கிகினு போயிருப்பீங்க. யாரும் பாவின்னு சொல்லியிருக்க மாட்டீங்க. பொழச்சிட்டேன். அதுக்கா மன்னிப்பு கேக்கணும்?"

அவள் சொன்னது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சபையின் மரணப் பதிவேட்டில் இருபது வயதுப் பிள்ளைகளுக்குக்கூட நெஞ்சுவலி வந்திருக்கிறது. உண்மையை எழுதினால் கல்லறைத் தோட்டத்தில் மூலைதான் கிடைக்கும். ஆகவே பொய் எழுதி நடுவில் புதைப்பார்கள். எழுதுகிறவர் செயலாளர்.

"மைக்க ஆஃப் பண்ணு!" என்றார் மாணிக்கராஜ்.

மைக் அணைந்தது. அந்த அமைதியில் பெண்கள் பக்கம் ஒரு பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்தவள் ஜெயமேரி, மாணிக்கராஜின் மனைவி. அவர்களுடைய ஒரே மகன் ரோனி மூன்று வருஷத்துக்கு முன் பத்தொன்பது வயதில் இறந்துபோனான். பதிவேட்டின்படி நெஞ்சுவலி.

"எம்பையனுக்கு நெஞ்சுவலி இல்ல," என்றாள் ஜெயமேரி. குரல் பெரிதாக இல்லை; கடைசி வரிசை வரை கேட்டது. "மூணு வருசமா நெஞ்சுவலி, நெஞ்சுவலின்னு சொல்லி சொல்லி, அவன் எதுக்குப் போனான்னுகூட யாருகிட்டயும் பேச முடியல. தூக்கம் வரல எனக்கு. இந்தப் பொண்ணு மாதிரி அவன் அங்க நின்னு பேசியிருந்தா, ஐயோ, எவ்ளோ நல்லா இருந்திருக்கும்."

"உக்காரு மேரி!" மாணிக்கராஜின் குரல் உடைந்தது.

அவள் உட்காரவில்லை. நடந்துபோய் லவினாவின் பக்கத்தில் நின்றாள். "ஐயா, இவளுக்குக் குடுக்கலன்னா எனக்கும் வேணாம்."

போதகர் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி கூரையைப் பார்த்தது. "அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம்," என்றார் அவர். ஆசை ஆசையாக ஆறு மாதம் காத்திருந்த அப்பமும் ரசமும் மூன்றடி தூரத்தில் இருந்தன. லவினாவுக்கு அழுகை வந்தது. ஐடா அழச் சொன்ன இடம் தாண்டி வெகுநேரமாகியிருந்தது. எட்டுப் பிள்ளைகள் வரிசையாக முழங்காலிட, இவர்கள் இருவரும் நடு வழியாக வெளியே போனார்கள். சில வரிசைகள் தள்ளி ஜெயசீலியும் எழுந்து வந்துவிட்டாள். கிளாரன்ஸ் வரவில்லை. அவருக்குத் திங்கட்கிழமை ரயில் ஞாபகம் வந்திருக்கும்.

வாசலில் சுரங்க மண்மேட்டுப் புழுதிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜெயமேரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்: "அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை பாக்கறாங்க?"

"செவ்வாக்கெழம ஆன்ட்டி. நானே கூட்டிகினு போறேன்."

அன்று மாலை கமிட்டி கூடியது. அன்றைய குறிப்பேட்டில் மாணிக்கராஜ் தன் கையாலேயே எழுதினார்: 'ஜெயமேரி அம்மாளுக்குத் திடீர் மயக்கம் ஏற்பட்டதால் ஆராதனை சற்றுத் தடைபட்டது. லவினாவின் விஷயம் ஒத்திவைக்கப்படுகிறது.' ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்துக்கு லவினா போனபோது, ஜெயமேரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் அவளுக்கும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஆதாரைக் காட்டிக் கோலாருக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கினார்கள். முன் சீட்டில் சபைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மூன்று பேருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னாக்கா, ஆஸ்பத்திரிக்கா? கோயில்ல மயக்கம் வந்துச்சாமே. நெஞ்சுவலி கிஞ்சுவலியா?"

நல்ல வசதியான கேள்வி. 'ஆமாம்' என்று தலையாட்டினால் வீடுவரைக்கும் மானம் காப்பாற்றப்படும். லவினா ஜெயமேரியைப் பார்த்தாள்.

"நெஞ்சு நல்லாத்தான் கீது," என்றாள் ஜெயமேரி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "மனசு சரியில்ல. அதுக்குத்தான் டாக்டரப் பாக்கப் போறேன். இவதான் கூட்டிகினு போறா."