ஏற ஒன்று, இறங்க ஒன்று

"ஒரு செக்கனா? அல்லாஹ்வே! நபீலா, ஒரு செக்கனா?"

ஸகியா பென்சிலைப் பாயில் எறிந்தாள். இருபது மீற்றர் கோபுரத்தின் உச்சியிலிருந்து, செக்கனுக்குப் பதினைந்து மீற்றர் வேகத்தில் நிலைக்குத்தாக மேலே எறிந்த கல் நிலத்தில் விழ எவ்வளவு நேரமாகும்? கேள்வி இவ்வளவுதான். எத்தனை தரம் செய்தாலும் நபீலாவுக்கு ஒன்றுதான் வந்தது.

"அது கீழ எறிஞ்ச கல்லுக்கு வாற விடை, புள்ள. நீ மேலதானே எறிஞ்ச?"

"நான் எங்க எறிஞ்சன்? கேள்வி போட்டவன் எறிஞ்சான்."

மறுநாள் தவணைப் பரீட்சை. பௌதிகத்தில் தவறுகிறவர்களைக் கலைப்பிரிவுக்கு மாற்றுவதாகக் கல்முனைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியாயிற்று. கலைப்பிரிவு சொந்த ஊரான நற்பிட்டிமுனையிலேயே இருந்தது. முறைக்கு மச்சினியான நபீலா ஊரோடு நின்றுவிட்டால் ஸகியாவும் நிற்க வேண்டியதுதான். ஸகியாவின் வாப்பா அச்சிமுகம்மது ஒரே பேச்சில் முடித்திருந்தார்: "மச்சியும் மச்சியுமாப் போனாப் போங்க. குமர்ப்புள்ள தனிய றோட்டால போற பழக்கம் நம்முட குடும்பத்தில இல்ல." ஆக, ஸகியாவின் விஞ்ஞானப் படிப்பு முழுக்க நபீலாவின் கல்லில் தொங்கியது.

"குறியப் பாருகா. மேல போறது சக, கூட்டல் குறி. ஆர்முடுகல் கீழ. அப்ப அதுக்கு என்ன குறி?"

"ஆர்முடுகலெண்டா என்ன?"

"வேகம் கூடுறது."

"ஏறக்குள்ள கல்லுக்கு வேகம் கூடுதா?"

"இல்ல..."

"குறையிது. அதுக்கு அமர்முடுகலெண்டு சேர்தானே சொல்லித் தந்தார்? ஏறக்குள்ள ஒரு பேர், இறங்கக்குள்ள ஒரு பேர். நீ ரெண்டையும் ஒரு சமன்பாட்டுக்குள்ள அடைக்கச் சொல்றாய். நான் எந்தக் குறியப் போட?"

"பேர் ரெண்டெண்டாலும் ஆள் ஒண்டுதான்! புவி எப்பவும் கீழதான் இழுக்குது. உச்சியில நிக்கக்குள்ளயும் இழுக்குது."

"நிக்கிற கல்ல ஏன் இழுக்கணும்?"

"இழுக்காட்டி அங்கயே நிண்டிருமே!"

"நிக்கட்டும். பாவம், களைச்சிருக்கும்."

ஸகியாவுக்குத் தலை வெடித்தது. "சரி! ஒனக்கு ரெண்டுதானே வேணும்? ரெண்டா வெட்டு. போறத ஒண்டாச் செய், கிறுகி வாறத மறுகாச் செய். என்ன கண்றாவியும் வரட்டும்."

நபீலா பென்சிலைப் பொறுக்கினாள். அமர்முடுகல் என்று தலைப்பிட்டாள். ஏற ஒன்றரைச் செக்கன். கோபுரத்துக்கு மேலே பதினொன்றேகால் மீற்றர். கோடு கீறி, ஆர்முடுகல் என்று எழுதினாள். முப்பத்தொன்றேகால் மீற்றர் விழ இரண்டரைச் செக்கன். கூட்டினாள். நான்கு.

புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டத் தேவையிருக்கவில்லை. ஒரே சமன்பாடு, ஒரே சமன்பாடு என்று தொண்டை அடைக்கக் கத்திய நாட்களை நினைக்க ஸகியாவுக்கு அழுகைதான் வந்தது.

"சரியாகா?"

"சரி."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் ஏசின?"

பரீட்சையில் நபீலா மட்டுமட்டாகத் தப்பினாள். புதிய தவணையின் முதல் நாள், கல்முனை றோட்டில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அடுத்த பாடம் எறியமாம் புள்ள. கல்லச் சரிச்சு எறியிறாங்களாம். அது மேலயும் போகுமாம், அங்காலயும் போகுமாம். அத எத்தினையா வெட்டுற?"

ஸகியா நடையைக் கூட்டிப் பத்துப் பதினைந்து வீடு தாண்டிப் போனாள். பிறகு, தனியே போக முடியாதென்பதால், வேலியோரம் நின்று அவளுக்காகக் காத்திருந்தாள்.