வேய் வீட்டுக் கிணறு

பெய் ரூயிங்குக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வுபெற்ற நெசவாலைத் தொழிலாளர்களோடு ஒருநாள் சுற்றுலாவாகத் தையுவானிலிருந்து பிங்யாவ் பழைய நகரத்துக்கு வந்திருந்தாள். பேருந்தில் இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் இதுதான் முதல் தடவை. அம்மா இருந்தவரை, பிங்யாவ் என்று பேச்செடுத்தாலே, "அங்க என்ன இருக்கு, புழுதி!" என்று வாயை அடைத்துவிடுவாள்.

நகரக் கோட்டை மதில்மேல் சுற்றிக் கால் வலி கண்ட பிறகு, மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் ஹௌ மின் எல்லோரையும் வேய் குடும்பத்து வீட்டுக்குள் அழைத்துப்போனாள். அந்தக் காலத்து வட்டிக்கடைக்காரர் மாளிகை. பின்கட்டில் கம்பிவலை போட்ட கிணறு.

"இந்த வீட்டு மூணாவது சம்சாரம். பதினெட்டு வயசு. எஜமானர் அடி தாங்காம ஒரு பனிக்காலத்துல விடியறதுக்குள்ள இதுல குதிச்சுட்டா. கல்லுமேல செருப்பு மட்டும்தான் கிடந்துச்சு. அதோ, சுவத்துல அவ படம்."

உச்சுக் கொட்டியபடி முதலில் போய்ப் பார்த்தவள் ரூயிங்கின் சிநேகிதி தாவோ. "ஏய் ரூயிங், இங்க வா! உன்னை மாதிரியே உர்ர்னு நிக்கிறா பாரு!"

ரூயிங் சிரித்துக்கொண்டேதான் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக்கிய கை. எந்தப் படத்துக்கு நின்றாலும் அம்மா கை அப்படித்தான் இருக்கும்.

"இவ சாகல," என்றாள்.

"என்ன பெரியம்மா?"

"இது எங்கம்மா. தொண்ணூத்தஞ்சு வயசுல, நாலு வருஷம் முன்னாடிதான் போனா."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு போல," என்றது ஒரு குரல். ரூயிங் கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போய், அம்மாவின் தொண்ணூறாவது பிறந்தநாள் படத்தை எடுத்தாள். ஹௌ மின் அதை வாங்கிச் சுவரோரம் வைத்துப் பார்த்தாள். அதே தழும்பு. அதே கை. அவள் கையிலிருந்த கொடி தாழ்ந்தது.

"ஆறு வருஷமா தினம் நாலு தடவை இவங்களைச் சாகடிச்சிருக்கேனே!"

ரூயிங்குக்கு அது காதில் விழவில்லை. குதித்த மாதிரி காட்டச் செருப்பைக் கழற்றிவிட்டு, உறைபனியில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள்! அம்மாவின் வலது காலில் இரண்டு விரல் கிடையாது. ஆலையில் வேலை பார்த்தபோது தறியில் மாட்டிப் போயிற்று என்பாள். முப்பது வருஷம் அதே ஆலையில் வேலை பார்த்த ரூயிங், தறியில் கால் எப்படி மாட்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிணற்றுக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா, அவங்க பேர் என்ன? எங்க குறிப்புல மூணாவது சம்சாரம்னு மட்டும்தான் இருக்கு."

"யூன்ஹெ."

"நாளைக்கு நான் இங்க என்னன்னு சொல்றது?"

"சொல்லு. சாகடிக்காம சொல்லு."

மதியச் சாப்பாட்டில் ரூயிங் கை வைக்கவில்லை. உணவுக்கடை வாசலில் நின்று கைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"அம்மா சொந்த ஊர் எதுன்னு உன்கிட்ட சொல்லியிருக்காளா?"

"ஹெனான் மாகாணத்துப் பக்கம், அநாதைன்னுதானே சொல்லுவா. ஏன் அக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நீ முதல்ல எங்கயாவது உட்காரு," என்றாள் ரூயிங்.